கலிபோர்னியாவுல பார்ட் டைம் கோர்ட் ரிப்போர்ட்டர் ஆகணுமா? விசாவுல இருந்து முதல் செக் வரைக்கும்

வீட்ல இருந்துக்கிட்டே, பிள்ளைங்களயும் பாத்துக்கிட்டு, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் போய் நல்ல காசு பாக்கிற வேலைன்னு யாராவது சொல்லித்தான் நீங்க இத தேடி வந்திருப்பீங்க. அது பொய் இல்ல. ஆனா அந்த ரெண்டு நாள் வேலைக்கு வந்து நிக்கிறதுக்கு முன்னாடி சில வருஷம் தினமும் உக்காந்து பழகணும், அத யாரும் சேர்த்து சொல்றது இல்ல. வேலை பார்ட் டைம், படிப்பு முழு நேரம். இத மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க, ஏன்னா பாதியில விட்டவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், எல்லாரும் கெட்டிக்காரங்கதான், நேரக் கணக்கு தெரியாம இறங்கினதுதான் காரணம்.

நான் சொல்றது பத்திரிகைக்கு கோர்ட் நியூஸ் எழுதுற வேலை இல்ல. வக்கீல் கேள்வி கேட்க சாட்சி பதில் சொல்ல, அத ஒரு வார்த்தை விடாம ஸ்டெனோ மெஷின்ல எடுத்து, சர்ட்டிஃபை பண்ணி டிரான்ஸ்கிரிப்டா குடுக்கிற வேலை. கோர்ட்ல முழு நேரமா இருக்கிறவங்கள அஃபிஷியல் ரிப்போர்ட்டர்னு சொல்லுவாங்க. வெளியில ஃப்ரீலான்ஸா இருக்கிறவங்க பெரும்பாலும் டெபொசிஷன் எடுப்பாங்க, அதாவது கேஸ் விசாரணைக்கு வர்றதுக்கு முன்னாடி வக்கீல் ஆபீஸ்லயோ ஜூம்லயோ சாட்சிய உக்கார வெச்சு கேக்கிறது. பார்ட் டைம்னா இந்த டெபோதான். நான் கலிபோர்னியா விதிகள மட்டும்தான் சொல்றேன். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் விதி வேற, நியூயார்க்ல ஃப்ரீலான்ஸ் பண்ண ஸ்டேட் லைசன்ஸே கட்டாயம் இல்ல, டெக்சாஸ்ல தனி லைசன்ஸ், அதனால பக்கத்து ஸ்டேட்ல இருக்கிற ஃப்ரெண்ட் சொன்னத அப்படியே இங்க நம்பி இறங்காதீங்க.

1. முதல்ல விசாவ பாருங்க

இந்த வேலைல ஏஜென்சிங்க உங்கள எம்ப்ளாயியா எடுக்கிறது அபூர்வம், இன்டிபெண்டென்ட் கான்ட்ராக்டரா 1099ல (வரி பிடிக்காம கான்ட்ராக்டருக்கு குடுக்கிற வருமான ஃபார்ம்) தான் காசு வரும். எச்-1பி-ல இருக்கிறவங்க ஸ்பான்சர் பண்ண கம்பெனிக்கு மட்டும்தான் வேலை பாக்கலாம், வீக்எண்டுல ஒரே ஒரு டெபோன்னாலும் கூடாது. எஃப்-1 மாணவர்களும் பெர்மிஷன் இல்லாம தொடவே கூடாது. கிரீன் கார்டு, சிட்டிசன், இல்லன்னா ஈஏடிங்கிற வேலை அனுமதி கார்டு, பொதுவா இதுல ஒண்ணு கையில இருக்கணும்.

எச்-4ல (எச்-1பி-காரங்களோட துணைக்கு வர்ற விசா) இருக்கிறவங்களுக்கு ஈஏடி கிடைக்கணும்னா கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (கம்பெனி போடற கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகியிருக்கணும், இல்ல அவங்க எச்-1பியோட ஆறு வருஷ லிமிட்ட தாண்டி எக்ஸ்டென்ஷன்ல இருக்கணும். ஐ-765 ஃபார்ம், கேட்டகரி சி26. 2024 ஏப்ரல்ல வந்த கட்டணப்படி ஆன்லைன்ல 470 டாலர், பேப்பர்ல அனுப்பினா 520 டாலர், கட்டறதுக்கு முன்னாடி யுஎஸ்சிஐஎஸ் (இமிக்ரேஷன் ஆபீஸ்) சைட்ல இன்னொரு தடவை பாத்துக்கங்க. ரின்யூவல காலாவதிக்கு 180 நாள் முன்னாடியே போடலாம், முதல் நாளே போட்டுடுங்க. 2025 அக்டோபர் 30ல இருந்து போடற ரின்யூவலுக்கு முன்ன மாதிரி தானா எக்ஸ்டென்ஷன் கிடைக்கிறது இல்ல, கார்டு தேதி முடிஞ்சா புது கார்டு வர்ற வரைக்கும் வேலைய நிறுத்தித்தான் ஆகணும். டெபோ எடுத்து முடிச்சு டிரான்ஸ்கிரிப்ட் பாக்கி இருக்கும்போது கார்டு முடிஞ்சா ரொம்ப சிக்கல், எடிட்டிங்கும் வேலைதான். தேதி கிட்ட வரும்போது புது ஜாப் எடுக்காதீங்க.

படிக்கிறதுக்கு ஈஏடி தேவையில்ல, எச்-4 ஸ்டேட்டஸ்லயே படிக்கலாம். ஈஏடிக்கு காத்திருக்கிற காலத்த படிப்புக்கு பயன்படுத்துறதுதான் புத்திசாலித்தனம், எனக்கு தெரிஞ்சு இத முடிச்சு வந்தவங்கள்ல நிறைய பேர் அப்படித்தான் வந்தாங்க.

2. விளம்பரத்த பாத்து ஏமாறாதீங்க

"கோர்ட் ரிப்போர்ட்டர் தேவை, அனுபவம் வேண்டாம், ஒரு மாச டிரெய்னிங், வீட்ல இருந்தே வேலை"ன்னு வரும். பெரும்பாலும் அது டிஜிட்டல் ரிப்போர்ட்டிங், அதாவது ஆடியோ ரெக்கார்ட் பண்ணிட்டு, யார் எப்ப பேசினாங்கன்னு குறிப்பு எடுத்துட்டு, அப்புறம் இன்னொருத்தர் டைப் பண்றது. அதுவும் நேர்மையான வேலைதான், சில ஸ்டேட்ல நல்லாவே நடக்குது. ஆனா கலிபோர்னியாவுல சிஎஸ்ஆர் (சர்ட்டிஃபைடு ஷார்ட்ஹேண்ட் ரிப்போர்ட்டர்)ங்கிற லைசன்ஸ் இல்லாம யாரும் கோர்ட் ரிப்போர்ட்டர்னு பேர் போட்டுக்க சட்டம் விடாது. அந்த டிரெய்னிங்க்கு பணம் கட்டினா சிஎஸ்ஆர் ஆக ஒரு அடி கூட நகர மாட்டீங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இத முடிச்சா கலிபோர்னியா சிஎஸ்ஆர் எக்ஸாம் எழுத தகுதி வருமா?" ஆமா இல்லன்னு நேரா பதில் வரலன்னா வெளிய வந்துடுங்க.

இன்னொரு வழி வாய்ஸ் ரைட்டிங். வாய மூடற மாஸ்க் மாதிரி மைக்ல கேக்கிறத எல்லாம் திருப்பி தாழ்ந்த குரல்ல சொல்ல, சாஃப்ட்வேர் அத எழுத்தாக்கும். 2022ல வந்த சட்டத்துக்கு அப்புறம் கலிபோர்னியாவுல வாய்ஸ் ரைட்டருக்கும் லைசன்ஸ் உண்டு. கத்துக்கிற காலம் குறைவுன்னு சொல்றாங்க, நம்ம உச்சரிப்புக்கு சாஃப்ட்வேர பழக்கிக்கலாம். நான் ஸ்டெனோ மெஷின் வழியில வந்ததால அத பத்திதான் எழுதறேன்.

3. பெரிய காசு போடறதுக்கு முன்னாடி கை வருதான்னு பாருங்க

ஸ்டெனோ மெஷின்ல மொத்தமே 22 கீதான். ஒவ்வொரு எழுத்தா அடிக்கிறது இல்ல, பல கீய ஒரே சமயத்துல அழுத்தி ஒரு ஒலிய, சில சமயம் ஒரு முழு வாக்கியத்தையே ஒரே அடியில எடுக்கிறது. வீணைல ஸ்வரம் பழகற மாதிரி விரலுக்கு போய் சேரணும், யோசிச்சு அடிச்சா வேகம் வராது.

நம்ம ஊர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போய் லோயர் ஹையர் பாஸ் பண்ணவங்க, பிட்மேன் ஷார்ட்ஹேண்ட்ல ஜூனியர் 80, இன்டர் 100, சீனியர் 120னு கவர்ன்மென்ட் எக்ஸாம் முடிச்சவங்க நிறைய பேர் "எனக்கு ஏற்கனவே ஷார்ட்ஹேண்ட் தெரியுமே, சீக்கிரம் வந்துடுமா"ன்னு கேக்கறாங்க. கோடு போடற பழக்கம் மெஷினுக்கு உதவாது, அது புதுசா கத்துக்கணும். ஆனா ஒலிய கேட்டு ஸ்பெல்லிங்க மறக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அதுவும் பேசறவருக்கு நாலஞ்சு வார்த்தை பின்னாடியே பதட்டப்படாம வர்ற பழக்கமும், அது ரெண்டும் பெரிய சொத்து. அந்த சர்ட்டிஃபிகேட் எக்ஸாமுக்கு தகுதியா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா உங்க காது தயாரா இருக்கு.

செலவில்லாம சோதிச்சு பாக்க ரெண்டு வழி. ஒண்ணு, ப்ளோவர்னு ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதுக்குன்னே ஹாபி கீபோர்டுங்க நூறு நூத்தம்பது டாலர் சுமாருக்கு கிடைக்குது. ரெண்டாவது, என்சிஆர்ஏங்கிற தேசிய சங்கம் நடத்துற ஏ டு இசட் அறிமுக வகுப்பு, ஆறிலிருந்து எட்டு வாரம், வகுப்புக்கு கட்டணம் இல்ல, மெஷின் மட்டும் நீங்க வாடகைக்கு ஏற்பாடு பண்ணிக்கணும். அந்த எட்டு வாரத்துல தினமும் ஒரு மணி நேரம் உக்கார முடிஞ்சுதா இல்லையான்னு உங்க மேலயே ஒரு கண்ணு வெச்சுக்கங்க. முடியலன்னா ஸ்கூல்ல சேந்தாலும் முடியாது.

4. ஸ்கூலும் ஸ்பீடும்

கோர்ட் ரிப்போர்ட்டர்ஸ் போர்டு ஆஃப் கலிபோர்னியாதான் லைசன்ஸ் தர்ற போர்டு. அவங்க அங்கீகாரம் குடுத்த ஸ்கூல் லிஸ்ட் அவங்க சைட்லயே இருக்கு, அத பாத்துட்டுதான் சேரணும். அடல்ட் ஸ்கூல், கம்யூனிட்டி காலேஜ் மாதிரி அரசு இடத்துல ஃபீஸ் ரொம்ப கம்மி, தனியார்ல பல மடங்கு. ஆன்லைன் வகுப்பும் உண்டு.

தியரி, அதாவது எந்த ஒலிக்கு எந்த கீன்னு கத்துக்கிற பாடம், முடிய ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். அதுக்கப்புறம் ஸ்பீடு கிளாஸ், நிமிஷத்துக்கு 60, 80, 100 வார்த்தைன்னு ஏறி 200க்கும் மேல போகணும். மொத்தம் ரெண்டு வருஷத்துல முடிச்சவங்க உண்டு, நாலு வருஷம் ஆனவங்கதான் அதிகம். 140, 160 கிட்ட வந்து மாசக்கணக்கா நிக்கிறது சகஜம், அங்கதான் நிறைய பேர் விடறாங்க. அந்த இடத்துல இன்னும் அதிக நேரம் அடிக்கிறதவிட, டிக்டேஷன 180ல போட்டு தடுமாறி அடிச்சிட்டு திரும்ப 140க்கு இறங்கறது நல்லா வேலை செய்யுது, இறங்கும்போது அது மெதுவா கேக்கும். தினமும் ரெண்டு மூணு மணி நேரம், ஞாயித்துக்கிழமை உட்பட. பிள்ளைங்க ஸ்கூல் போற நேரத்த அப்படியே இதுக்கு ஒதுக்குங்க, சமையல் துணியெல்லாம் அப்புறம். வீட்ல இருக்கிறவங்ககிட்ட இத முதல்லயே பேசிடணும், "வீட்லதானே இருக்க"ன்னு ஆரம்பிச்சா படிப்பு அங்கயே நின்னுடும்.

எஃப்-1 விசா, ஃபைனான்சியல் எய்டு, ரெசிடென்ட் ஃபீஸ் எல்லாம் ஸ்டேட்டஸ் பொறுத்து மாறும், சேர்றதுக்கு முன்னாடி அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல ரெசிடென்சிக்கு என்ன பேப்பர் கேக்கறாங்கன்னு எழுத்துல வாங்கிக்கங்க. வாடகை அக்ரிமென்ட், கரண்ட் பில்லு, கலிபோர்னியா டிரைவிங் லைசன்ஸ் எல்லாத்துலயும் உங்க பேர் இருக்கிற மாதிரி இப்பவே பாத்துக்கங்க, நிறைய வீட்ல எல்லாமே கணவர் பேர்லதான் இருக்கும்.

பேர் விஷயமும் சொல்லணும். பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, பன்னெண்டாவது மார்க் ஷீட்ல இனிஷியலோட ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டுல அப்பா பேர் கடைசி பேரா ஒரு மாதிரி இருக்கும் நமக்கு. எல்லா ஃபார்ம்லயும் ஒரே பேர போடுங்க, பழைய சர்ட்டிஃபிகேட்டுக்கு பேர் மாறின ஆதாரம் தயாரா வெச்சுக்கங்க. லைசன்ஸுக்கு 18 வயசும் ஹைஸ்கூல் படிப்போ அதுக்கு சமமானதோ வேணும், இந்தியாவுல படிச்சதுக்கு கிரெடென்ஷியல் இவால்யுவேஷன் கேட்டா அதுக்கு வாரக்கணக்குல நேரம் ஆகும்னு சேத்து திட்டம் போடுங்க.

5. மெஷின், சாஃப்ட்வேர்

படிக்கும்போது புது ப்ரொஃபெஷனல் மெஷின் வாங்காதீங்க, அது 5,000 டாலருக்கு மேல போகும். ஸ்டூடன்ட் மாடல் வாடகைக்கு எடுங்க, இல்ல நல்ல பழைய மெஷின் வாங்குங்க. பழசு வாங்கும்போது யூஎஸ்பி வேலை செய்யுதா, பேட்டரி எவ்ளோ நேரம் நிக்குது, கம்பெனி இன்னும் அந்த மாடலுக்கு சர்வீஸ் பண்றாங்களா, இந்த மூணையும் கேட்டே ஆகணும்.

அடிக்கிறத இங்கிலீஷா மாத்த கேட் சாஃப்ட்வேர் வேணும், கேஸ் கேடலிஸ்ட், எக்லிப்ஸ் ரெண்டும்தான் அதிகம் புழங்குறது. ஸ்டூடன்ட் வெர்ஷன் மலிவு, ஆனா அதுல காசுக்கு வேலை செய்யக்கூடாது, லைசன்ஸ் வந்ததும் ப்ரொஃபெஷனலுக்கு மாறணும், அது ஆயிரக்கணக்குல வரும், வருஷா வருஷம் சப்போர்ட் கட்டணமும் உண்டு. இந்த செலவ மறந்துட்டு மெஷினுக்கு மட்டும் காசு சேத்தவங்க பாஸ் ஆன மாசமே கிரெடிட் கார்டுல விழறாங்க. மெஷின், சாஃப்ட்வேர், லேப்டாப், ஆடியோ பேக்கப்புக்கு நல்ல மைக், ஜூமுக்கு ரெண்டாவது மானிட்டர், வைஃபைய நம்பாம ஒரு ஈதர்நெட் கேபிள், எல்லாம் சேத்து பத்தாயிரம் டாலர் கிட்ட ஒதுக்கி வெச்சுட்டா நிம்மதியா இருக்கலாம்.

உங்க டிக்ஷனரிய தினமும் மூணு இடத்துல பேக்கப் எடுங்க. நீங்க எப்படி அடிச்சா என்ன வார்த்தை வரணும்னு வருஷக்கணக்கா சேத்த ஃபைல் அது, மெஷின் போனா வேற வாங்கலாம், அது போனா கையே போன மாதிரி.

6. எக்ஸாம்

கலிபோர்னியா எக்ஸாமுக்கு மூணு பகுதி. டிக்டேஷன், இங்கிலீஷ், ப்ரொஃபெஷனல் ப்ராக்டிஸ். மூணையும் ஒரே தடவையில பாஸ் பண்ணணும்னு இல்ல, தனித்தனியா எழுதலாம். வருஷத்துக்கு மூணு வாய்ப்பு வரும்.

டிக்டேஷன்ல நாலு பேர் பேசுவாங்க, நிமிஷத்துக்கு 200 வார்த்தை, பத்து நிமிஷம், 97.5 சதவீதம் சரியா இருக்கணும். கணக்கு போட்டா 2,000 வார்த்தையில 50 தப்புதான் அனுமதி. 200ல எடுக்க தெரிஞ்சா போதும்னு போகாதீங்க, பரீட்சை பதட்டத்துல இருபது வார்த்தை வேகம் இறங்கும், வீட்ல 220, 225 சுத்தமா வர்ற வரைக்கும் பழகுங்க.

என்சிஆர்ஏவோட ஆர்பிஆர் (ரெஜிஸ்டர்ட் ப்ரொஃபெஷனல் ரிப்போர்ட்டர்) சர்ட்டிஃபிகேட் வாங்கியிருந்தா அத வெச்சே கலிபோர்னியா எக்ஸாமுக்கு அப்ளை பண்ணலாம், அங்கீகார ஸ்கூல முடிச்சே ஆகணும்னு இல்ல. ஆர்பிஆர்ல லிட்டரரி (பேச்சு, கட்டுரை மாதிரி) 180, ஜூரி சார்ஜ் (ஜட்ஜ் ஜூரிக்கு சொல்றது) 200, டெஸ்டிமனி (சாட்சி கேள்வி பதில்) 225, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், 95 சதவீதம் வேணும், ஒவ்வொண்ணா எழுதி பாஸ் பண்ணிக்கலாம். வேற ஸ்டேட்டுக்கு மாற வாய்ப்பிருக்கிற குடும்பம்னா (எச்-1பி குடும்பத்துல யாருக்குத்தான் இல்ல) ஆர்பிஆர் வழிய நான் அழுத்தி சொல்லுவேன், பல ஸ்டேட்ல அதுக்கு மதிப்பு உண்டு.

இங்கிலீஷ் பேப்பர்ல நம்மாளுங்க கிராமர்ல சறுக்கறது இல்ல, கமா, செமிகோலன், ஹைஃபன், அமெரிக்க வழக்குச்சொல் இதுலதான் சறுக்கறாங்க. நாம படிச்சது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அத கையில இருந்து கழட்ட நாளாகும். ப்ரொஃபெஷனல் ப்ராக்டிஸ்ல சட்ட வார்த்தை, மெடிக்கல் வார்த்தை, அதோட டெபோ நடத்துற விதிகள் வரும், நாளைக்கு வேலைல உங்கள காப்பாத்தறதும் இந்த விதிங்கதான், அதனால மனப்பாடமா இல்லாம புரிஞ்சு படிங்க.

7. லைசன்ஸ் வந்தாச்சு, வேலை எங்க

டெபோ ஏஜென்சிங்களுக்கு லைசன்ஸ் நம்பர், சாம்பிளுக்கு ஒரு டிரான்ஸ்கிரிப்ட், உங்க வரி நம்பர் குடுக்கிற டபிள்யூ-9 ஃபார்ம் மூணும் அனுப்பினா கூப்பிடுவாங்க, ஆளு பற்றாக்குறை இருக்கு. கலிபோர்னியாவுல சிஎஸ்ஆர் இருந்தாலே சாட்சிக்கு சத்தியப் பிரமாணம் செய்விக்கிற அதிகாரம் உண்டு, தனியா நோட்டரி வேண்டாம்.

சேர்றதுக்கு முன்னாடி ரேட் ஷீட்ட எழுத்துல வாங்குங்க. என்னென்ன கேக்கணும்னா, ஒரிஜினலுக்கு பக்கத்துக்கு எவ்ளோ, காப்பிக்கு எவ்ளோ, வந்து உக்கார தனியா அப்பியரன்ஸ் ஃபீ உண்டா, எக்ஸ்பர்ட் சாட்சிக்கும் இன்டர்ப்ரெட்டர் இருக்கிற நாளுக்கும் கூடுதல் உண்டா, முந்தின நாள் சாயங்காலம் கேன்சல் ஆனா என்ன தருவீங்க, காசு எத்தன நாள்ல வரும். கடைசி கேள்விதான் முக்கியம். சில ஏஜென்சி 30 நாள்ல குடுக்கும், சிலது வக்கீல் எங்களுக்கு குடுத்தா நாங்க உங்களுக்கு குடுப்போம்னு சொல்லும். ரெண்டாவது வகைல பத்து டெபோ எடுத்துட்டு மூணு மாசம் வரைக்கும் ஒரு டாலர் வராம உக்காந்திருக்க நேரும். எனக்கும் ஆரம்பத்துல ஒரு ஏஜென்சிகிட்ட அப்படி நின்னுது, அதுக்கப்புறம் தேதி போடாத ரேட் ஷீட்ல நான் கையெழுத்து போடறதே இல்ல.

இன்னொரு முக்கியமான விதி, கேஸ்ல உங்களுக்கு பண ஆதாயம் இருக்கக்கூடாது, கட்சிக்காரருக்கோ வக்கீலுக்கோ சொந்தக்காரராவோ அவங்ககிட்ட வேலை பாக்கிறவராவோ இருக்கக்கூடாது. பே ஏரியாவுல (சான் பிரான்சிஸ்கோ, சிலிக்கான் வேலி பக்கம்) இது அடிக்கடி உரசும். கேஸ் பேர்ல உங்க வீட்டுக்காரரோட கம்பெனி இருக்கா, அந்த கம்பெனி ஷேர் உங்ககிட்ட இருக்கான்னு ஜாப் எடுக்கிறதுக்கு முன்னாடியே பாருங்க, இருந்தா ஏஜென்சிகிட்ட சொல்லி விலகிடுங்க. தீபாவளிக்கு வக்கீல் ஆபீஸ்ல ஸ்வீட் பாக்ஸ் குடுக்கலாமான்னு ஒருத்தங்க கேட்டாங்க, ஒரு வருஷத்துக்கு ஒருத்தருக்கு மொத்தமா 100 டாலருக்கு மேல பரிசு போகக்கூடாதுன்னு போர்டு விதி இருக்கு, ஸ்வீட் பாக்ஸோட நிறுத்திக்கங்க.

8. முதல் டெபோ நாள்

அரை மணி நேரம் முன்னாடி போங்க, ஜூம்னாலும் அப்படித்தான். முந்தின நாளே நோட்டீஸ கேட்டு வாங்கி கேஸ் பேர், வக்கீல் பேர், சாட்சி பேர், கம்பெனி பேர் எல்லாத்துக்கும் ஷார்ட்டா ஒரு அடி போட்டு வெச்சுக்கங்க. இங்க நமக்கு ஒரு பலம் இருக்கு, பேடன்ட் கேஸ்ல, கம்பெனி கேஸ்ல இந்திய பேர், இந்திய உச்சரிப்பு வந்தா மத்தவங்க திணறுவாங்க, நமக்கு வெங்கடசுப்ரமணியனும் ஒண்ணுதான் ஸ்மித்தும் ஒண்ணுதான்.

நம்மாளுங்களுக்கு கஷ்டமான விஷயம் வேற ஒண்ணு, குறுக்க பேசறது. பெரிய வக்கீல், வயசானவர், கோட்டு சூட்டோட கத்தறாரு, அவர நிறுத்தி "ஒவ்வொருத்தரா பேசுங்க, எனக்கு கேக்கல"ன்னு சொல்ல நமக்கு நாக்கு எழாது, சின்ன வயசுல இருந்து அப்படித்தானே வளத்திருக்காங்க. ஆனா அந்த ரூம்ல ரெக்கார்டுக்கு பொறுப்பு நீங்க ஒருத்தர்தான். கேக்காதத ஊகிச்சு எழுதினா அது ஒருத்தரோட வழக்க, நஷ்ட ஈட்ட, வேலைய பாதிக்கும். கைய லேசா தூக்கி, குரல உயர்த்தாம, சொல்ல வேண்டியத ரெண்டு வாக்கியத்துல சொல்லுங்க, அத வீட்ல கண்ணாடி முன்னாடி சொல்லி பழகுங்க, நெஜமாவே சொல்றேன். தலைய ஆட்டினா பதில் ஆகாது, "ம்ஹூம்"ங்கிறது ஆமாவா இல்லையான்னு தெரியாது, பெரும்பாலும் வக்கீலே வாயால சொல்ல சொல்லுவார், சொல்லலன்னா நீங்க கேக்கலாம்.

ஆஃப் த ரெக்கார்ட்னு ஒரு வக்கீல் சொன்னதும் கைய எடுத்துடாதீங்க, எல்லாரும் ஒத்துக்கணும், ஒத்துக்கற வரைக்கும் எழுதிக்கிட்டே இருங்க.

சாட்சி தமிழ் பேசறவரா இருந்து இன்டர்ப்ரெட்டர் இருந்தா, நீங்க எழுத வேண்டியது இன்டர்ப்ரெட்டர் சொல்ற இங்கிலீஷ மட்டும்தான். அவர் மொழிபெயர்ப்பு சரியில்லன்னு உங்களுக்கு பட்டாலும் நீங்க திருத்தக்கூடாது, எழுதும்போது சரி பண்ணவும் கூடாது. ரொம்ப மனசு உறுத்தும், ஆனா நீங்க அந்த ரூம்ல ரிப்போர்ட்டர் மட்டும்தான்.

முடியும்போது காப்பி யாருக்கு வேணும், எப்ப வேணும்னு ரெக்கார்டுலயே கேட்டு வாங்குங்க. பின்னாடி ஈமெயில்ல கேட்டா இழுத்தடிப்பாங்க.

பிள்ளைங்கள மூணு மணிக்கு கூப்பிட போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெபோ பாதியில நீங்க எழுந்து போக முடியாது. பொதுவா ஒரு சாட்சிக்கு ஏழு மணி நேரம்தான் லிமிட், ஆனா எக்ஸ்பர்ட் சாட்சி, தொழிலாளி போட்ட எம்ப்ளாய்மென்ட் கேஸ் மாதிரி சிலதுக்கு அந்த லிமிட் கிடையாது. "சின்ன டெபோதான், ரெண்டு மணி நேரம்"னு காலண்டர்ல போட்டிருந்தத நம்பி பிக்அப்புக்கு ஆள் வைக்காம போகாதீங்க. வேலை எடுத்த நாள்ல சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிள்ளைய பாக்க ஒருத்தர் உறுதியா இருக்கணும், காசு குடுத்தாவது. ஜூம் டெபோவ விரும்பி கேளுங்க, இப்ப சட்டப்படி ரிப்போர்ட்டர் சாட்சி இருக்கிற ரூம்ல இருக்கணும்னு அவசியம் இல்ல.

9. மணிக் கணக்கு இல்ல, பக்கக் கணக்கு

பார்ட் டைமா வர்றவங்க எல்லாரும் இங்கதான் ஏமாறாங்க. டெபோ நாலு மணி நேரம்னா வேலை நாலு மணி நேரம் இல்ல. ஒரு மணி நேரத்துக்கு 40, 50 பக்கம் வரும், நாலு மணி நேரம்னா 180 பக்கம்னு வெச்சுக்கலாம். புதுசா வந்தவங்க மணிக்கு 15 பக்கம் எடிட் பண்ணினா 12 மணி நேரம், ப்ரூஃப் பாக்க 3 மணி நேரம், போய் வர 2, டெபோ 4, மொத்தம் 21 மணி நேரம். கணக்குக்காக பக்கத்துக்கு 4 டாலர்னு எடுத்தா 720 டாலர், மணிக்கு 34 டாலர் சுமார், வரிக்கு முன்னாடி.

இப்ப இத ஸ்கோப்பிஸ்ட்கிட்ட குடுத்து பாருங்க. ஸ்கோப்பிஸ்ட்னா உங்க ஆடியோவ கேட்டு எடிட் பண்ணி தர்றவர். பக்கத்துக்கு 1.50 அவருக்கு, 50 சென்ட் ப்ரூஃப்ரீடருக்குன்னா 360 டாலர் போயிடும், மிச்சம் 360, ஆனா டெபோ, போய் வர, கடைசியா ஒரு தடவ பாக்க எல்லாம் சேத்து உங்க நேரம் 8 மணி நேரம்தான், மணிக்கு 45. அதோட மிச்ச 13 மணி நேரத்துல இன்னொரு டெபோ எடுக்கலாம். முதல் அஞ்சாறு டிரான்ஸ்கிரிப்ட நீங்களே எடிட் பண்ணுங்க, உங்க தப்பு உங்களுக்கு தெரியணும், அதுக்கப்புறம் நல்ல ஸ்கோப்பிஸ்ட்ட பிடிச்சுக்கங்க.

வழக்கமான கெடு பத்து வேலை நாள். அதனால வாரத்துக்கு ரெண்டு டெபோவுக்கு மேல ஆரம்பத்துல எடுக்காதீங்க, மூணாவத எடுத்தா பாக்கி சேரும், பாக்கி சேந்தா தூக்கம் போகும், தூக்கம் போனா தப்பு வரும். லேட் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு போர்டு வரைக்கும் புகார் போகும், லைசன்ஸ் மேல கை வைக்கிற விஷயம் அது. எக்ஸ்பெடைட்னு சீக்கிரம் கேட்டா காசு நல்லா இருக்கும், ஸ்கோப்பிஸ்ட் ஃப்ரீயா இருக்காங்களான்னு கேட்டுட்டு ஒத்துக்கங்க.

10. வரியும் நோட்ஸும்

1099ல வர்ற காசுல யாரும் வரி பிடிக்க மாட்டாங்க. லாபம் வருஷத்துக்கு 400 டாலர தாண்டினாலே செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் 15.3 சதவீதம் உண்டு, அது இன்கம் டாக்ஸுக்கு மேல தனி. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 இந்த நாலு தேதில எஸ்டிமேட்டட் டாக்ஸ் கட்டணும், கலிபோர்னியாவுக்கும் தனியா (அங்க செப்டம்பர் தவணை மட்டும் கிடையாது). வீட்ல இன்னொருத்தருக்கு சம்பள வேலை இருந்தா ஒரு சுலப வழி இருக்கு, அவங்க கம்பெனில டபிள்யூ-4 மாத்தி ஒவ்வொரு சம்பளத்துலயும் கூடுதலா பிடிக்க சொல்லிட்டா இந்த தேதித் தொல்லை பெரும்பாலும் விட்டுடும். மெஷின், சாஃப்ட்வேர், ஸ்கோப்பிஸ்ட் காசு, சங்க சந்தா, கார் மைலேஜ் (2025க்கு மைலுக்கு 70 சென்ட்) எல்லாம் கழிக்கலாம், ரசீதும் மைலேஜ் லாகும் அன்னன்னைக்கே போடுங்க. லைசன்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஆன ஸ்கூல் செலவ புது தொழிலுக்கான படிப்புன்னு கழிக்க விடமாட்டாங்க, அத எதிர்பாக்காதீங்க. உங்க சிட்டில பிசினஸ் லைசன்ஸ் வேணுமான்னும் பாத்துக்கங்க, வீட்ல இருந்து பண்ணாலும் சில ஊர்ல கேக்கறாங்க.

நோட்ஸ தூக்கி போட்டுடாதீங்க. டெபோ எடுத்து டிரான்ஸ்கிரிப்ட் யாரும் கேக்கலன்னா எட்டு வருஷம், டிரான்ஸ்கிரிப்ட் குடுத்துட்டா குடுத்த தேதில இருந்து ஒரு வருஷம், அவ்ளோ காலம் ஸ்டெனோ நோட்ஸ் உங்ககிட்ட இருக்கணும்னு சட்டம். கேஸ் பேர், தேதி, ஏஜென்சி, டிரான்ஸ்கிரிப்ட் குடுத்த தேதின்னு நாலு கட்டம் போட்டு ஒரு ஷீட் முதல் டெபோ அன்னைக்கே ஆரம்பிச்சு, ஃபைல எக்ஸ்டர்னல் டிரைவ்ல ஒண்ணு, பாஸ்வேர்ட் போட்ட கிளவுட்ல ஒண்ணுன்னு வெச்சுடுங்க. குடும்பத்தோட ஷேர் பண்ற கூகுள் டிரைவ்ல வைக்காதீங்க, அதுல இருக்கிறது மத்தவங்களோட உடம்பு, சம்பளம், விவாகரத்து விவரம் எல்லாம்.